கோழிக்குஞ்சுக்குப் புரூடர்: வாங்குவதா, கட்டுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரூடர் என்பது தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் தடுப்பு அல்லது பெட்டி. வீட்டுக் கொல்லையிலோ தோட்டத்திலோ பத்து முதல் நூறு குஞ்சு வரை வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. ஆயிரக்கணக்கில் குஞ்சு இறக்கும் பிராய்லர் பண்ணையின் கணக்கு வேறு.

புரூடர் கட்டாயம் வேண்டுமா? எங்கள் பாட்டி காலத்தில் இதெல்லாம் கிடையாதே?

பாட்டி வீட்டில் தாய்க்கோழி இருந்தது. அடைகாத்துப் பொரித்த கோழியே குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துச் சூடு கொடுத்தது. ராத்திரி பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. இன்றும் தாயோடு வளரும் குஞ்சுக்குப் புரூடர் தேவையில்லை.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கும், ஒருநாள் குஞ்சாக விலைக்கு வாங்கியதற்கும்தான் தேவை. பிறந்த குஞ்சின் மேல் இருப்பது வெறும் பூமயிர். இறகு முளைத்து மூடும்வரை, அதாவது மூன்று நான்கு வாரம் வரை, தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. குளிர்ந்துபோன குஞ்சு தீனி எடுக்காது, தண்ணீர் குடிக்காது, கத்திக் கத்தியே சோர்ந்துவிடும்.

உங்களிடம் அடையில் உட்கார்ந்திருக்கும் கோழி ஒன்று இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இருட்டிய பிறகு அதன் அடியில் இருக்கும் முட்டையை எடுத்துவிட்டு ஒருநாள் குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிடுங்கள். பெரும்பாலான நாட்டுக்கோழி காலையில் தன் குஞ்சென்றே ஏற்றுக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு குஞ்சு வரை ஒரு கோழி தாங்கும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

கடையில் விற்கும் புரூடரை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அவசியமில்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கம்பிக்கூண்டில் பல்பு மாட்டிய அடுக்குப் பெட்டிகள், அல்லது குடை மாதிரித் தகர மூடிக்குள் பல்பு வைத்துத் தொங்கவிடுபவை. வருடம் முழுக்கக் குஞ்சு விற்பவர்களுக்கு அடுக்குப் பெட்டி லாபம், இடம் மிச்சம். மற்றவர்களுக்கு ஒரு தகரத் தடுப்பு, இரண்டு பல்பு, ஒரு மூட்டை உமி போதும்.

வாங்குவதானாலும் செய்வதானாலும் ஒன்றை மட்டும் பாருங்கள். உள்ளே ஒரு பக்கம் சூடாகவும் இன்னொரு பக்கம் சூடு குறைவாகவும் இருக்கிறதா? குஞ்சு தனக்கு வேண்டிய இடத்துக்கு நடந்துபோக வழி இருக்க வேண்டும். பெட்டி முழுக்க ஒரே சூடு என்றால், நம் கணிப்பு கொஞ்சம் தப்பினாலும் அதற்கு ஓட இடமில்லை. சிறிய பெட்டியில் பெரிய பல்பை மாட்டி மூடியும் போட்டு, "நல்லா கதகதப்பா இருக்கு" என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வட்டமாகத்தான் அமைக்க வேண்டுமா? அட்டைப்பெட்டி போதாதா?

பத்துப் பதினைந்து குஞ்சுக்கு, ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த பெரிய அட்டைப்பெட்டி முதல் வாரத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் என்றால் வட்டம்தான் நல்லது. குளிரோ பயமோ வந்தால் குஞ்சுகள் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துவிடும். வட்டத்தில் மூலையே கிடையாது. அட்டைப்பெட்டி வைத்தாலும் நான்கு மூலையிலும் அட்டையை வளைத்துச் செருகி மூலையை மறைத்துவிடுங்கள்.

தடுப்புக்கு ஒன்றரை அடி உயரத் தகடு நல்லது. தகரம் இல்லையென்றால் கெட்டி அட்டை, மூங்கில் தட்டி, பழைய ஃபிளெக்ஸ் பேனரை மடித்துக் குச்சி கட்டியது என எதுவும் ஆகும். தட்டியில் காற்று நுழையும் என்பதால் கீழே அரை அடிக்குச் சாக்கு சுற்றிவிடுங்கள். தகட்டின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வளைத்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவிட்டால் போதும். ஆணி அடிக்காதீர்கள், ஏனென்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வட்டத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். தகரத்தின் வெட்டு விளிம்பு மேல்பக்கம் இருந்தால் பழைய ட்யூபைக் கீறி மாட்டுங்கள், கை கிழியாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

25 குஞ்சுக்கு மூன்றடி விட்டமுள்ள வட்டத்தில் தொடங்கலாம். அதற்கு ஒன்பதரை அடி நீளத் தகடு பிடிக்கும். 50 குஞ்சுக்கு நாலடி விட்டம், தகடு பன்னிரண்டரை அடி. இது முதல் வாரக் கணக்கு. இரண்டாம் வாரம் குஞ்சுக்கு அரைச் சதுர அடி, ஒரு மாதம் ஆகும்போது ஒரு சதுர அடி என்று கூட்டிக்கொண்டே போங்கள். அதனால் தகடு வாங்கும்போதே நீளமாக வாங்கி, முதலில் சுருட்டி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இடம் போதாவிட்டால் முதலில் தெரியும் அறிகுறி கொத்திக்கொள்வது. வால் பக்கம் ரத்தம் தெரிந்துவிட்டால் மற்ற குஞ்சுகள் அதையே துரத்திக் கொத்தும். அந்தக் குஞ்சை உடனே தனியே எடுத்துவிட்டு வட்டத்தை விரியுங்கள்.

எந்த பல்பு? எத்தனை வாட்?

பழைய குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகவே வந்தது அது. இதைத் தெரியாமல் எல்.இ.டி.யை மாட்டிவிட்டு "பல்பு எரியுது, அப்புறமும் குஞ்சு செத்துப்போகுது" என்று கேட்பவர்கள் நிறைய.

குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்பது நம் ஊரில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெயில் காலத்தில் ஒரு வாட் போதும். 50 குஞ்சுக்கு ஒரே 100 வாட் பல்பு மாட்டுவதைவிட இரண்டு 60 வாட் மாட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று ஃபியூஸ் ஆனாலும் மற்றது காப்பாற்றும்.

சிவப்பு இன்ஃப்ராரெட் பல்பு 150, 250 வாட்டில் கிடைக்கிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் நல்லது. சிவப்பு வெளிச்சத்தில் கொத்திக்கொள்வதும் குறையும். ஆனால் இருபது குஞ்சுள்ள சின்ன வட்டத்தில் 250 வாட் என்பது வறுவலுக்கு வைத்த மாதிரி.

வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரும் ஆன்லைனில் வருகிறது. இரண்டாம் வாரத்துக்கு மேல் ராத்திரி இருட்டில் தூங்கிப் பழக இது உதவும். முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் குஞ்சுக்கு வெளிச்சம் வேண்டும். தீனியும் தண்ணீரும் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமே.

பல்பை எப்படித் தொங்கவிடுவது?

புரூடரில் நெருப்பு பிடிப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பல்பை அதன் ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள். முடிச்சு நழுவி பல்பு உமிமேல் விழுந்தால், அணையாமல் கிடந்து கருக்கிக் கருக்கிப் புகைந்து, பிறகு பற்றிக்கொள்ளும். மேலே ஒரு கம்பு அல்லது விட்டத்திலிருந்து கட்டுக்கம்பியோ மெல்லிய சங்கிலியோ இறக்கி, ஹோல்டரின் எடை முழுவதும் அதில் நிற்கும்படி மாட்டுங்கள். ஒயர் தளர்வாக இருக்கட்டும். சங்கிலியென்றால் கண்ணி கண்ணியாக ஏற்றி இறக்க வசதி. இன்னொரு கம்பியைத் தனியாகக் காப்புக்குக் கட்டுவது என் வழக்கம்.

பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் நாள்கணக்கில் எரியும் பல்பின் சூட்டில் உருகி நெகிழும். ஒயர் தகரத் தடுப்பின் விளிம்பில் உரசக் கூடாது. இன்சுலேஷன் தேய்ந்தால் தகரம் முழுக்க ஷாக் அடிக்கும்.

உயரம் தரையிலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கட்டும். வட்டத்துக்கு நட்டநடுவில் வேண்டாம், சற்று ஒரு பக்கமாக. எதிர்ப்பக்கம் சூடு குறைந்த இடமாக இருக்கும்.

எத்தனை டிகிரி சூடு வேண்டும்?

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொண்டே வாருங்கள்: 32, 29, 26. இது பல்புக்கு நேர்கீழே குஞ்சின் முதுகு மட்டத்தில், அதாவது உமிக்கு இரண்டு அங்குலம் மேலே அளப்பது. சுவரில் மாட்டிய வெப்பமானி காட்டுவது அறையின் சூடு, குஞ்சுக்கு அதனால் பயனில்லை. சூட்டைக் குறைக்க பல்பை உயர்த்துங்கள், அல்லது வாட் குறைந்த பல்பை மாட்டுங்கள்.

வெப்பமானி இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

வெப்பமானி இருந்தாலும் குஞ்சைத்தான் நம்ப வேண்டும். வட்டத்துக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக் கும்பலாக நின்று கீச்சென்று உரக்கக் கத்தினால், குளிர். பல்பை விட்டு விலகித் தகட்டோரம் வட்டமாக ஒதுங்கி, வாயைத் திறந்து இறக்கையை விரித்து மூச்சு வாங்கினால், சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. உங்கள் கையை நனைத்து அந்த மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், எங்கிருந்து என்று தெரிந்துவிடும். அங்கங்கே பரவி, சில தின்று, சில குடித்து, சில காலை நீட்டிக்கொண்டு தூங்கினால் எல்லாம் சரி. குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து கழுத்தை நீட்டித் தூங்குவதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. தொட்டால் துள்ளி எழும்.

இன்னொரு சோதனை: ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் குஞ்சுக்குச் சூடு போதவில்லை. முதல் நாள் ராத்திரி படுக்கப் போகும்முன் ஒருமுறை, விடியற்காலை நான்கு மணி வாக்கில் ஒருமுறை இதைச் செய்யுங்கள். பகலில் சரியாக இருந்த புரூடர் விடியற்காலையில்தான் குளிரும்.

சித்திரை வைகாசி வெயிலிலும் பல்பு போட வேண்டுமா?

பகலில் அறைக்குள்ளேயே 35 டிகிரி அடிக்கும்போது பல்பு எதற்கு? வேலூர், திருச்சி, மதுரை பக்கம் கோடையில் காலை ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் போட்டால் போதும். இரண்டாம் வாரத்திலிருந்து ராத்திரியிலும் ஒரு பல்பு போதுமானதாக இருக்கும். புத்தகத்தில் நான்கு வாரம் என்று போட்டிருக்கிறதே என்று கோடையில் நான்கு வாரமும் பல்பை எரித்தால் குஞ்சு தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பும், தீனி எடுக்காது, வளராது.

தகரக் கொட்டகைக்குள் புரூடர் வைத்திருந்தால் கூரைமேல் தென்னங்கீற்று போடுங்கள். பக்கச் சாக்குகளைப் பகலில் சுருட்டிவிடுங்கள்.

ஆடிக்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் வேறு கதை. சூட்டைவிடக் காற்றை மறைப்பதுதான் அப்போது பெரிய வேலை. சாக்கைக் கீழிருந்து கட்டி மேலே ஓரடி திறந்து விடுங்கள். குஞ்சு மட்டத்தில் காற்று படாது, உள்ளே புழுக்கமும் தங்காது. பிளாஸ்டிக் தாளால் நான்கு பக்கமும் இறுக மூடினால் காலையில் கதவைத் திறந்ததும் கண் எரியும். நமக்கே எரிந்தால், எச்சத்துக்கு ஓரங்குலம் மேலே மூச்சு விடும் குஞ்சுக்கு எப்படி இருக்கும்? ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வளர்ப்பவர்கள் முழு நான்கு வாரமும், சில சமயம் ஐந்தும், சூடு கொடுக்க வேண்டும்.

ராத்திரி கரண்ட் போனால்?

ஒரு மணி நேரம் என்றால் பயமில்லை. வட்டத்தைச் சுருக்கி, மேலே ஒரு சாக்கைப் பாதிக்கு மட்டும் மூடுங்கள். குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். அதிக நேரம் ஆகும் என்றால் இரண்டு லிட்டர் பாட்டில்களில் சூடான தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய துணி சுற்றிப் படுக்கவையுங்கள். குஞ்சுகள் வந்து சாய்ந்துகொள்ளும். ஆறினால் மாற்ற வேண்டும்.

பண்ணைகளில் மண்சட்டியில் கரி நெருப்பு போட்டுச் சூடு கொடுப்பார்கள். திறந்த கொட்டகையில், ஆள் கூடவே இருந்தால் சரி. மூடிய அறையில் கரி வேண்டவே வேண்டாம். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; குஞ்சோடு அதே அறையில் படுத்திருப்பவரையும் கொன்றுவிடும்.

தரையில் என்ன போடுவது?

நெல் உமி, இரண்டு அங்குலக் கனம். அதுவே நமக்கு மலிவாகவும் கிடைக்கும், நன்றாகவும் உலரும். தேங்காய் நார்க்கழிவும் பரவாயில்லை, ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரத்தூளைக் குஞ்சு தீனி என்று நினைத்துத் தின்னும் என்பதால் முதல் வாரம் தவிர்த்துவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் உமிமேல் நியூஸ் பேப்பர் விரித்து, அதிலேயே கொஞ்சம் தீனியைத் தூவினால் குஞ்சு கொத்தப் பழகும். வழவழப்பான பத்திரிகைத் தாள் கூடாது. கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோனால் சில குஞ்சு அப்புறம் எழுந்து நடக்காது. பேப்பரைத் தினம் மாற்றுங்கள்.

உமியைத் தினம் ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்க் குவளையைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அள்ளி வெளியே போடுங்கள். மூன்றாம் வாரம் வாக்கில் வரும் ரத்தக் கழிச்சல் ஈரமான உமியில்தான் பெருகும்.

தீனியும் தண்ணீரும்?

குஞ்சு வந்திறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில், லிட்டருக்கு ஒரு கைப்பிடி வெல்லம் கரைத்து முதல் நாள் கொடுங்கள். ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து அலகு நுனியை மட்டும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு விடுங்கள், மூக்கு நனையக் கூடாது. ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

குவளை வாங்காமல் நீங்களே செய்யலாம். ஒரு லிட்டர் பாட்டிலும் ஆழமில்லாத தட்டும் எடுங்கள். பாட்டிலின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை போடுங்கள்; கவிழ்த்து வைக்கும்போது அந்த ஓட்டை தட்டின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் ஓட்டை மூடும்வரை இறங்கி நின்றுவிடும், குஞ்சு குடிக்கக் குடிக்க இறங்கும். ஓட்டை விளிம்பைவிட உயரமாகிவிட்டால் பாட்டில் முழுக்க வழிந்து உமி நனையும். முதல் வாரம் தட்டில் கூழாங்கல் நாலைந்து போட்டு வையுங்கள். அரை அங்குலத் தண்ணீரிலும் குஞ்சு முகம் குப்புற விழுந்து மூழ்கும்.

தீனியையும் தண்ணீரையும் பல்புக்கு நேர்கீழே வைக்க வேண்டாம். சூட்டுக்கும் ஓரத்துக்கும் இடையில் வையுங்கள். முதல் மாதத்துக்குக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமே நல்லது, அதில் புரதம் 20 சதவீதம் வாக்கில் இருக்கும். வெறும் அரிசிக் குருணையில் குஞ்சு உயிரோடு இருக்கும், வளர்த்தி இருக்காது. படுக்கும் நேரத்தில் குஞ்சின் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிரம்பியிருந்தால் தின்றும் குடித்தும் இருக்கிறது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. காலியாக இருந்தால் அந்தக் குஞ்சை அடையாளம் வைத்துக் கவனியுங்கள்.

எலி, பூனை, காக்கா, எறும்பு?

மேலே மூடி இல்லாத வட்டம் அறைக்குள் இருந்தால்தான் பாதுகாப்பு. வெளியில் என்றால் அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் போட்டு மூடுங்கள். அறுகோணக் கண்ணி வைத்த கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். எலியும் பாம்பும் அதில் புகுந்து வரும். பெருச்சாளி மண்தரையைத் தோண்டி வரும் என்பதால் அடியிலும் மெஷ் வேண்டும்.

எறும்பை லேசாக நினைக்காதீர்கள். செத்த குஞ்சை எடுக்காமல் விட்டால், அல்லது தீனி சிந்திக் கிடந்தால், ராத்திரியில் கட்டெறும்பும் சிவப்பெறும்பும் படையெடுத்து உயிரோடு இருக்கும் குஞ்சையும் கடித்துவிடும். எறும்புப் பொடியை வட்டத்துக்குள்ளோ ஓரத்திலோ தூவ வேண்டாம், குஞ்சு கொத்தித் தின்னும். பெட்டி புரூடர் என்றால் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

குஞ்சின் பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறது. என்ன செய்ய?

வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து ஊறவைத்து மெதுவாகத் துடையுங்கள். பிய்த்து இழுத்தால் தோலோடு வரும். துடைத்தபின் ஈரம் உலரும்வரை சூட்டில் வையுங்கள். ஒன்றிரண்டுக்கு இருந்தால் பயணக் களைப்பு, குளிர், அல்லது சூடு மிகுதி. வெள்ளையாகக் கழிந்துகொண்டு பல குஞ்சு வரிசையாகச் செத்தால் கால்நடை மருத்துவரிடம் செத்த குஞ்சையே எடுத்துப்போங்கள்.

தடுப்பூசி?

வெள்ளைக் கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கெட்டுக்கு, ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாம் வாரம் கம்போரோ என்ற குஞ்சு நோய்க்கான மருந்து. நான்காம் வாரம் மீண்டும் ராணிக்கெட். எட்டாம் வாரத்துக்கு மேல் இறக்கையில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் போடுவது இதைத்தான். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் கோழிகளுக்கான தடுப்பு மருந்தையும் தயாரிக்கிறது. மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான டோஸில் வரும். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே நாளில் போட்டுக்கொள்வது சிக்கனம். ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

தெருவில் வரும் கலர் குஞ்சை வாங்கி வளர்க்கலாமா?

அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு உதவாத சேவல் குஞ்சுகள், சாயம் போட்டு விற்கிறார்கள். கூடையில் வெயிலிலும் காற்றிலும் நாள்கணக்கில் சுற்றியிருக்கும். பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கினால் வாங்கிய அன்றே புரூடரும் வெல்லத்தண்ணீரும் தயாராக இருக்கட்டும். ஏற்கெனவே வீட்டில் குஞ்சு இருந்தால் அவற்றோடு சேர்க்காதீர்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

60 வாட் பல்பு ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. மூன்று வாரத்துக்கு 15 யூனிட். நாள் முழுக்க எரித்தால் இரட்டிப்பு, அவ்வளவே.

எப்போது வெளியே விடலாம்?

இறக்கையும் முதுகும் இறகால் மூடிய பிறகு. பல்பு இல்லாமல் தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி கும்பலாக நெருக்காமல் தூங்கினால் சூடு போதும் என்று அர்த்தம். முதலில் வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரம், கண்முன்னால். மழை நாளில் வேண்டாம். பெரிய கோழிகளோடு கலக்க இரண்டு மாதமாவது ஆகட்டும். அதுவரை வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாகப் பார்த்துப் பழகட்டும்.

அடுத்த செட் குஞ்சு உடனே விடலாமா?

பழைய உமியை முழுக்க வாரி எருக்குழியில் போடுங்கள். தோட்டத்துக்கு நல்ல உரம். தகடு, குவளை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். தரைக்குச் சுண்ணாம்பு அடித்து இரண்டு வாரம் சும்மா விடுங்கள். அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்த வேண்டாம், எரித்துவிடுங்கள். புதுக்குஞ்சு வருவதற்கு முந்தின நாளே உமி போட்டுப் பல்பை எரியவிட்டால், குஞ்சு இறங்கும்போது தரையும் சூடாக இருக்கும்.